மூளைப் பயிற்சி விளம்பரங்கள்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

 

பள்ளிக்கூட வாசலில் கொடுக்கப்படும் நோட்டீஸ், செய்தித்தாளுக்குள் மடித்து வைக்கப்படும் துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ என்று மூளையைப் பற்றிய விளம்பரங்கள் நம் வீடுகளுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. "நினைவாற்றல் இரட்டிப்பாகும்", "வலது மூளை திறக்கும்", "கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கலாம்", "கவனக் குறைவுக்கு மருந்தில்லாத சிகிச்சை", "மறதி நோய் வராமல் தடுக்கும் பயிற்சி" என்று அவை சொல்கின்றன. ஓசூர் எல்லை ஊர். பெங்களூரு மையங்களின் விளம்பரமும் இங்கே வருகிறது, உள்ளூர் மையங்களின் விளம்பரமும் வருகிறது. சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வரும் பெற்றோருக்குப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லித்தர நேரம் கிடைப்பதில்லை. "பணம் கட்டினால் யாரோ பார்த்துக்கொள்வார்கள்" என்ற எண்ணம் வருவது இயற்கை.

நம் அறக்கட்டளையிடமும் இத்தகைய வகுப்புக் கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பங்கள் வருகின்றன. விண்ணப்பிப்பவர்கள் ஏமாளிகள் அல்லர். பிள்ளை மீதுள்ள கவலையில் ஒரு வழி தேடுகிறார்கள். அந்தக் கவலைக்கு மரியாதை செய்ய வேண்டுமானால், எது உண்மையில் உதவும், எது உதவாது என்று பிரித்துக் காட்ட வேண்டியது நம் கடமை. அதற்காகவே இந்தப் பாடம். குடும்பமாக உட்கார்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும்படி எழுதியிருக்கிறோம்.

1. "நடுமூளை" வகுப்புகள்

மலேசியா, இந்தோனேசியா நாடுகளில் பரவிய "மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்" என்னும் வகுப்புகள் 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவிலும் பரவின. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பல ஊர்களில் மையங்கள் திறக்கப்பட்டன. 5 வயது முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளைச் சேர்த்து, இசை கேட்கவைத்து, சில விளையாட்டுகள் ஆடவைத்து, இரண்டொரு நாளில் "நடுமூளை விழித்துவிட்டது" என்பார்கள். பிறகு மேடையில் பிள்ளையின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, சீட்டின் நிறத்தைச் சொல்லச் செய்வார்கள். புத்தகம் வாசிக்கச் செய்வார்கள். பார்க்கும் பெற்றோர் வியந்துபோவார்கள்.

முதலில் நடுமூளை என்றால் என்ன என்று பார்ப்போம். அது மூளைத்தண்டின் மேல்பகுதியில் சுமார் 2 செ.மீ. நீளமுள்ள ஒரு சிறிய உறுப்பு. கண் அசைவு, திடீர் ஒலி கேட்டால் தலை திரும்புவது, விழிப்பு நிலை, உடல் அசைவு ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு. பிறந்த நாள் முதல் அது ஓய்வின்றி வேலை செய்கிறது. அதிலுள்ள ஒரு வகை நரம்பணுக்கள் அழிந்துபோனால் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரும். அதைத்தான் பார்க்கின்சன் நோய் என்கிறோம். நடுமூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டால் மனிதர் நினைவிழந்துவிடுவார். ஆகவே உங்கள் பிள்ளை நடந்து, பேசி, உங்களைத் திரும்பிப் பார்க்கிறான் என்றால் அவனுடைய நடுமூளை ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் புதிதாக விழிக்கவைக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கண்ணைக் கட்டிய பிள்ளைக்கு எப்படித் தெரிகிறது? விடை மிக எளிது: மூக்கு. நெற்றியிலிருந்து கன்னம் வரை துணி கட்டினாலும், மூக்கின் இரு பக்கமும் சிறு இடைவெளி இருக்கும். அதன் வழியே கீழ்நோக்கிப் பார்த்தால் கையிலுள்ள சீட்டும் மடியிலுள்ள புத்தகமும் நன்றாகத் தெரியும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1960-களில் சோவியத் நாட்டில் ரோசா குலெஷோவா என்ற பெண் விரலால் தொட்டே எழுத்தையும் நிறத்தையும் அறிவதாகப் பெரும் பரபரப்பு எழுந்தது. அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966-இல் "சயின்ஸ்" இதழில் எழுதிய கட்டுரையில், இத்தகைய காட்சிகளில் மூக்கோரமாக எட்டிப்பார்ப்பது எவ்வளவு எளிது என்றும், அதைத் தடுக்காத சோதனை சோதனையே அல்ல என்றும் விளக்கினார். மேஜிக் கலைஞர்களுக்கு இது அதற்கு முன்பே தெரிந்த வித்தை.

நம் நாட்டில் மங்களூரைச் சேர்ந்த பேராசிரியர் நரேந்திர நாயக் இந்த வகுப்புகளைப் பற்றிப் பல ஊர்களில் செயல்விளக்கம் நடத்தி, பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று மக்களுக்குக் காட்டினார். முறையான சோதனையில் கண்ணைக் கட்டிப் படித்துக் காட்டும்படி சவாலும் விடுத்தார்.

வீட்டிலேயே நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். துணி கட்டிய பிள்ளையின் முகத்துக்கு நேராகவோ தலைக்கு மேலோ சீட்டைப் பிடியுங்கள். அல்லது இரவில் விளக்கை முழுவதும் அணைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூளையால் பார்ப்பது உண்மையானால் இருட்டு ஒரு தடையாக இருக்கக் கூடாது. சோதிக்கும்போது பிள்ளையைத் திட்டாதீர்கள். பெரியவர்கள் கைதட்டுகிறார்கள், பெற்றோர் பணம் கட்டியிருக்கிறார்கள், மற்றப் பிள்ளைகளெல்லாம் "தெரிகிறது" என்கிறார்கள் என்ற நிலையில், "எனக்குத் துணி இடுக்கில்தான் தெரிகிறது" என்று சொல்ல ஏழு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து துணிவு வரும்? இந்த வகுப்பில் பணத்தைவிடப் பெரிய இழப்பு இதுதான். பொய்யைச் சொன்னால் பாராட்டுக் கிடைக்கும் என்று ஒரு பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறது. வாய்மையைச் சிறு வயதிலிருந்தே ஊட்டி வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

2. "10 சதவீத மூளை", "வலது மூளை"

பெரும்பாலான விளம்பரங்களில் இரண்டு கூற்றுகள் தவறாமல் இருக்கும். மனிதன் மூளையில் 10 சதவீதத்தையே பயன்படுத்துகிறான் என்பது முதலாவது. உடல் எடையில் மூளை ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் நாம் ஓய்வாக இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது செலவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு சும்மா இருந்தால் இவ்வளவு செலவு எதற்கு? பக்கவாதத்தில் மூளையின் ஒரு சிறு பகுதி பாதிக்கப்பட்டாலே பேச்சோ கை காலோ போய்விடுவதை நம் உறவினர்களிடமே பார்த்திருக்கிறோம். சும்மா கிடக்கும் பகுதி என்று மூளையில் எதுவும் இல்லை.

சிலர் இடது மூளைக்காரர், சிலர் வலது மூளைக்காரர் என்பது இரண்டாவது. மொழி போன்ற சில வேலைகளில் ஒரு பக்கத்துக்குக் கூடுதல் பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,011 பேரின் மூளைப் படங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவில், ஒருவருக்கு ஒரு பக்க மூளை முழுவதுமே ஓங்கியிருக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வலது மூளையைத் "திறக்கும்" வகுப்பு, பூட்டே இல்லாத கதவுக்குச் சாவி விற்பது போன்றது.

3. பயிற்சி எதை வளர்க்கும்?

"அப்படியானால் பயிற்சியால் பலனே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் எதில் பயிற்சி செய்கிறோமோ அதில்தான் பலன். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் பாதி விளம்பரங்களை நாமே எடைபோட்டுவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் எண்களை நினைவில் வைக்கும் பயிற்சியில் ஈடுபட்டார். தொடக்கத்தில் எல்லோரையும் போல 7 இலக்கங்களையே ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொன்னார். சுமார் 20 மாதங்களில் 230 மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி செய்தபின் 79 இலக்கங்களைச் சொன்னார். 1980-இல் வெளியான இந்த ஆய்வின் முக்கியமான பகுதி அடுத்து வருவது. எண்களுக்குப் பதில் எழுத்துகளைச் சொன்னபோது அவரால் 6 எழுத்துகளையே நினைவில் வைக்க முடிந்தது. அவருடைய நினைவாற்றல் பொதுவாக வளரவில்லை. அவர் ஓட்டப் பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரங்களாக மாற்றி நினைவில் வைக்கும் ஓர் உத்தியைக் கற்றுக்கொண்டிருந்தார்.

நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வையும் பார்ப்போம். குஜராத்தின் வதோதரா நகரில், 204 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு அபாகஸ் மனக்கணக்கும் மற்றவர்களுக்கு வழக்கமான கூடுதல் கணக்குப் பாடமும் 3 ஆண்டுகள் கற்பித்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. அபாகஸ் கற்ற பிள்ளைகள் கூட்டல், கழித்தல் போன்ற கணக்கில் முன்னேறினார்கள். ஆனால் நினைவாற்றல், கவனம் போன்ற பொதுவான மூளைத் திறன்களில் வகுப்பினால் மாற்றம் வந்ததாகக் காணவில்லை. ஆகவே, கணக்கு வேகம் வேண்டுமென்று அபாகஸுக்கு அனுப்புவதில் தவறில்லை. "மூளை வளரும், எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வரும்" என்று அனுப்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கணினி மூளை விளையாட்டுகளுக்கும் இதே விடைதான். பிரிட்டனில் பி.பி.சி. நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தி, 2010-இல் "நேச்சர்" இதழில் வெளியான ஆய்வில் 11,430 பேர் 6 வாரங்கள் பயிற்சி செய்தார்கள். விளையாடிய விளையாட்டுகளில் எல்லோரும் தேறினார்கள். அந்த விளையாட்டுகளை ஒத்த வேறு சோதனைகளில்கூட அந்தத் தேர்ச்சி வெளிப்படவில்லை.

4. விஞ்ஞானிகளும் சட்டமும் என்ன சொன்னார்கள்?

2014 அக்டோபரில் எழுபதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, மூளை விளையாட்டுகள் முதுமை மறதியைத் தடுக்கும் என்ற விளம்பரங்களுக்குப் போதிய சான்று இல்லை என்று அறிவித்தார்கள். சில மாதங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு விஞ்ஞானிகள், சில பயிற்சிகளுக்குச் சான்று உண்டு என்று மறுப்பு வெளியிட்டார்கள். யார் சொல்வது சரி என்று பார்க்க, ஏழு ஆய்வாளர்கள் கொண்ட குழு, நிறுவனங்கள் சான்றாகக் காட்டிய ஆய்வுகளை ஒவ்வொன்றாகப் படித்து 2016-இல் நீண்ட அறிக்கை தந்தது. பயிற்சி பெற்ற வேலையில் முன்னேற்றம் உண்டு, அதை நெருங்கிய வேலையில் சிறிது உண்டு, அன்றாட வாழ்க்கையில் முன்னேற்றம் வரும் என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்பதே அதன் சாரம். விஞ்ஞானிகள் இரு பக்கமாக நின்றாலும், சான்றுகளை எடுத்து வைத்து எடைபோட முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அதே 2016-இல் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் இரண்டு நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. "லுமோசிட்டி" என்ற மூளை விளையாட்டை விற்ற நிறுவனம், அது பள்ளியிலும் வேலையிலும் திறனைக் கூட்டும், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்று விளம்பரம் செய்திருந்தது. சான்றில்லாமல் மக்களின் அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டதாகக் கூறிய ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அது 20 லட்சம் டாலர் செலுத்தியது. "லேர்னிங்ஆர்எக்ஸ்" என்ற மற்றொரு நிறுவனம் நம் ஊர் மையங்களைப் போலவே கிளைகள் வைத்து, கவனக் குறைவு, ஆட்டிசம், மறதி நோய் ஆகியவற்றுக்கெல்லாம் பயிற்சியால் தீர்வு என்று சொல்லியிருந்தது. அது 2 லட்சம் டாலர் செலுத்தி, சான்றில்லாத கூற்றுகளை நிறுத்த ஒப்புக்கொண்டது.

நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் "ஜே" என்னும் அட்டவணை ஒன்று இருக்கிறது. எந்தெந்த நோய்களையும் குறைகளையும் தீர்ப்பதாக மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்பதே அந்தப் பட்டியல். மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. நினைவாற்றல் மாத்திரை என்று யாராவது நீட்டினால் இந்த அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி வகுப்பு மருந்து அல்ல என்று தப்பிக்க நினைப்பவர்களுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

5. "பக்கத்து வீட்டுப் பிள்ளை மாறிவிட்டானே!"

விளம்பரத்தைவிட நம்மை அதிகம் அசைப்பது தெரிந்தவர் சொல்லும் அனுபவம்தான். அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளை மாறியதும் உண்மையாக இருக்கலாம். மாறியது எதனால் என்பதே கேள்வி.

கவனக் குறைவும் மிகைத் துடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கு, தலையில் கம்பி ஒட்டி மூளை அலைகளைத் திரையில் காட்டிப் பயிற்சி தரும் "நியூரோஃபீட்பேக்" என்னும் முறை உண்டு. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 140-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான பயிற்சி. மற்றக் குழுவுக்கு அதே கருவி, அதே நாற்காலி, அதே கவனிப்பு. ஆனால் திரையில் வந்தது அந்தப் பிள்ளையின் மூளை அலை அல்ல. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, பயிற்சியாளருக்கும் தெரியாது. முடிவில் இரு குழுவிலும் முன்னேற்றம் தெரிந்தது, ஏறத்தாழ ஒரே அளவில்! கருவிக்கு உரிய தனிப் பலன் என்று எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் பிள்ளைகளை மாற்றியது எது? வாராவாரம் ஒரு பெரியவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து ஊக்கப்படுத்தியது, ஒழுங்கான நேரம், பெற்றோரின் எதிர்பார்ப்பு, வயது கூடக்கூட வரும் பக்குவம் இவையெல்லாம் இருக்கலாம். இவற்றில் பலவற்றை வீட்டிலேயே, காசில்லாமல் தர முடியும். ஷிப்ட் முடிந்து வரும் தகப்பனார் கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு 20 நிமிடம் பிள்ளையோடு சேர்ந்து வாசித்தால் அதற்கு எந்த மையமும் ஈடாகாது.

6. பிள்ளை பின்தங்குவதற்கு உண்மையான காரணங்கள்

பிள்ளை மந்தம் என்று முடிவுகட்டும் முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பாருங்கள்.

பார்வையும் செவியும்: கரும்பலகை தெரியாத பிள்ளை, பாடம் தெரியாத பிள்ளை போலவே தோன்றும். அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வதில் பாதி கேட்காது. முதலில் சோதிக்க வேண்டியவை இவ்விரண்டும்.

இரத்தசோகை: 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. சோர்வும் கவனமின்மையும் அதன் அடையாளங்கள். பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் குடற்புழு மாத்திரையையும் பிள்ளைகள் வீசி எறியாமல் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள்.

தூக்கம்: பள்ளி வயதுப் பிள்ளைக்கு இரவில் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இரவு 11 மணி வரை கைப்பேசி பார்த்துவிட்டு அதிகாலையில் எழும் பிள்ளைக்கு எந்த மூளைப் பயிற்சியும் ஏறாது.

மொழி: இது நம் பகுதிக்கே உரிய விஷயம். நம் வீடுகள் பலவற்றில் பேச்சு உருது. தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும். பள்ளியில் ஆங்கில வழி. மதரஸாவில் அரபு எழுத்து. பல மொழி தெரிவது பிள்ளைக்குப் பாரம் அல்ல, செல்வம். ஆனால் பேசத் தெரியாத மொழியில் ஐந்து வயதிலேயே எழுதப் படிக்கச் சொன்னால் பிள்ளை தடுமாறத்தான் செய்யும். அது மூளைக் குறை அல்ல. அந்த மொழியில் கதை சொல்லி, பேசிப் பழக்க வேண்டும்.

கற்றல் குறைபாடு: அறிவு குறைவில்லாமலே சில பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதோ கணக்குப் போடுவதோ மிகக் கடினமாக இருக்கும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ள 21 வகைகளில் இதுவும் ஆட்டிசமும் உண்டு. முறைப்படி பரிசோதித்துச் சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும். போலிச் சிகிச்சையில் கழியும் இரண்டு ஆண்டுகள், இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையான உதவி கிடைத்திருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள். ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்தோ கருவியோ கிடையாது. ஆனால் பேச்சுப் பயிற்சியையும் நடத்தைப் பயிற்சியையும் சிறு வயதில் தொடங்கினால் பிள்ளையின் வாழ்க்கை பெரிதும் எளிதாகும்.

7. எங்கே போவது?

அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் 2013 முதல் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதிக்கின்றன. குறை தெரிந்தால் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையானால் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவில் நேரே காட்டி, அந்த மையத்துக்கு வழி கேட்கலாம்.

இன்னும் ஆழமான பரிசோதனை தேவைப்பட்டால், நாட்டின் முதன்மையான மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் பெங்களூருவில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் அங்கே தனிப் பிரிவு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் சென்று விளம்பர மையத்தில் பணம் கட்டுவதற்கு முன், அதே பேருந்தில் சென்று இறங்கக்கூடிய தூரத்தில் இந்த அரசு நிறுவனம் இருப்பதை மறக்க வேண்டாம். வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை.

8. வீட்டுப் பெரியவர்களுக்கு

"மறதி வராமல் தடுக்கும் பயிற்சி" என்று நம் வயதான பெற்றோரைக் குறிவைத்தும் விளம்பரம் வருகிறது. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்த 2,832 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற திறன் மட்டும் மேம்பட்டது. இரண்டு ஆண்டு முடிவில் அன்றாட வேலைகளில் வேறுபாடு தெரியவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் சிறிய பலன் தெரிவதாகப் பங்கேற்றவர்கள் கூறினார்கள். பார்க்கும் வேகத்துக்கான ஒரு பயிற்சியைப் பற்றி மட்டும் ஆய்வு தொடர்கிறது. அது நம் ஊர் நோட்டீஸில் வரும் பயிற்சி அல்ல.

மாறாக, "லான்செட்" மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் மறதி நோய்க்கான 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணித்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல், காது கேளாமை, பார்வைக் குறை, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. அத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வது, அம்மாவுக்குக் காதுக் கருவி வாங்கித் தருவது, பள்ளிவாசலுக்கு நடந்து சென்று நாலு பேரோடு பேசிவர விடுவது, இவையே சான்றுள்ள மூளைப் பாதுகாப்பு. திடீரென மறதி கூடினால் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு போன்ற சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம்.

9. பணம் கட்டும் முன் ஆறு கேள்விகள்

1) இது எந்தக் குறைக்கு? அந்தக் குறையை எந்த மருத்துவர் அல்லது உளவியலாளர் பரிசோதித்து உறுதி செய்தார்?

2) பலன் எதில் தெரியும், எத்தனை மாதத்தில், எப்படி அளப்பீர்கள்? "தன்னம்பிக்கை கூடும்" என்பது விடை அல்ல.

3) பயிற்சி பெறாத அல்லது வேறு பயிற்சி பெற்ற குழுவோடு ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறதா? அதை நடத்தியவர்கள் நிறுவனத்தைச் சேராதவர்களா?

4) பயிற்சியாளரின் படிப்பு என்ன? பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் என்ன?

5) பலன் இல்லையென்றால் பணம் திரும்புமா? எழுத்தில் தருவீர்களா?

6) ஒரே நோட்டீஸில் மதிப்பெண், கவனம், ஆட்டிசம், பக்கவாதம், மறதி எல்லாவற்றுக்கும் தீர்வு என்று இருக்கிறதா? இருந்தால் மற்ற ஐந்து கேள்விகளும் தேவையில்லை.

"இன்று கட்டினால்தான் சலுகை" என்றால் அன்று கட்டாதீர்கள். வீட்டுக்கு வந்து ஓர் இரவு யோசியுங்கள். ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்கள் நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள தொகைக்கு வழக்குக் கட்டணம் இல்லை. ஏமாந்தது வெட்கத்துக்குரியது என்று மறைக்க வேண்டாம். ஒருவர் வாய் திறந்தால் பத்துக் குடும்பங்கள் தப்பும்.

10. நம் அறக்கட்டளையின் நிலை

நம்மிடம் இருக்கும் பணம் மக்கள் ஒப்படைத்த அமானிதம். ஆகவே "நடுமூளை", "வலது மூளை", நினைவாற்றல் சிகிச்சை போன்ற வகுப்புகளின் கட்டணத்துக்கு உதவி வழங்குவதில்லை. அந்த விண்ணப்பத்தோடு வரும் குடும்பத்தை வெறுங்கையோடும் அனுப்புவதில்லை. கண் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, மருத்துவமனைக்குப் பயணச் செலவு, பேச்சுப் பயிற்சிக் கட்டணம் இவற்றில் எது தேவையோ அதற்கு விண்ணப்பத்தை மாற்றித் தர உதவுகிறோம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கு வந்தால் நாங்களே நிரப்பித் தருவோம்.

இந்த மாத வீட்டுப் பாடம் இதுதான். உங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மூளைப் பயிற்சி நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் உட்காரவைத்து, மேலே உள்ள ஆறு கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எத்தனைக்கு அந்த நோட்டீஸில் விடை இருக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். அளந்து பார்த்து முடிவெடுக்கப் பிள்ளை கற்றுக்கொள்ளும். அதுவே நல்ல மூளைப் பயிற்சி, கட்டணமும் இல்லை.